தீப்பிடிக்காத விளக்குமாறு

அந்த நிறுவனத்தில் அதுவரை நெருப்பு எரிந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆள் பல் தேய்த்து முடிக்கப் போதாது. வரவேற்புரைகளைக் கூட்டினால் ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிக் கொடுத்துவிடலாம். இரண்டும் ஒரே வளாகத்தில் நடந்துகொண்டிருந்தன. வாசலில் இருந்த பலகை அதை அதிவேக உந்துவிசை ஆய்வு நிறுவனம் என்றது.

அங்கே செய்ய முயன்றது ஒரு என்ஜின். ராக்கெட் தன் எரிபொருளோடு, அது எரியத் தேவையான ஆக்சிஜனையும் முதுகில் சுமந்துகொண்டு போகும். இது அப்படியில்லை. வாயைத் திறந்துகொண்டு பறக்கும். வழியில் இருக்கிற காற்றையே விழுங்கி, அதிலேயே ஹைட்ரஜனை எரிக்கும். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் போகிறபோது காற்றும் அதே வேகத்தில் உள்ளே பாயும். பாய்ந்த காற்று பின்பக்கமாக வெளியேறுவதற்குள் எரிபொருள் அதில் கலந்து, பற்றி, எரிந்து முடித்திருக்க வேண்டும். கண் இமைப்பதெல்லாம் அந்தக் கணக்கில் சோம்பேறித்தனம்.

எரிதல் பிரிவின் தலைவன் அதை வீட்டில் வேறு மாதிரிச் சொல்வான். "ஓடுற ரயில் ஜன்னல்ல இருந்து, பக்கத்துத் தண்டவாளத்துல ஓடுற இன்னொரு ரயில்ல இருக்கிறவன் டம்ளர்ல டீ ஊத்தணும். சிந்தக் கூடாது. அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள அவன் குடிச்சும் முடிக்கணும்."

"அந்த ஆளையே நம்ம ரயில்ல ஏத்திக்கிட்டா என்னவாம்?" என்பாள் அவன் மனைவி.

"அதுதான் ராக்கெட்" என்பான்.

அவன் தங்கைக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். அவள் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக வேலை. ஒருநாள் நிறுவனத்தின் இயக்குநர் நடைமேடையில் வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ரயில் வரவில்லை. ஆனால் அது வராததை அவள் சொன்ன விதத்தில், ரயிலே வந்துவிட்டதுபோல அவருக்கு ஒரு நிறைவு உண்டாயிற்று. நேரே அவள் அறைக்கு வந்து கதவைத் தட்டினார்.

"இந்தக் குரல் இருக்க வேண்டிய இடம் இது இல்லம்மா. ஒண்ணும் நடக்கலைங்கிறதை இவ்வளவு இதமா சொல்ற ஆளைத்தான் நாங்க பல வருஷமாத் தேடிட்டிருக்கோம்."

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "நீ அங்க வராத. ரயில் லேட்டானா ஜனங்க திட்டுவாங்க. அது நியாயம். எங்க இடத்துல லேட்டானா கைதட்டுவாங்க. கொஞ்ச நாள்ல பைத்தியம் பிடிச்சிடும்."

"உனக்குப் பிடிக்கலையே அண்ணா?"

"அப்படின்னு யார் உனக்குச் சொன்னா?" என்று அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்.

அறிவிப்பாளர் வேலையில் சேர்ந்தாள்.

சோதனைக் கூடம் நீளமான கட்டடம். நடுவில் ஒரு பெரிய இரும்புக் குழாய், அதன் கடைசியில் என்ஜின். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தடித்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் உயரத்தில், மெத்தை நாற்காலிகள் போட்ட பார்வையாளர் மாடம். மாடத்தின் மூலையில் அவளுடைய மைக். தலைமை விருந்தினர் பச்சைப் பொத்தானை அழுத்துவார். அடைத்துவைத்திருந்த காற்று குழாய்க்குள் சீறும். கட்டடமே பல்லைக் கடித்துக்கொள்ளும். மூச்சை இழுத்து விடுவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு இயக்குநரைப் பார்த்துக்கொண்டு, கைதட்டுவார்கள்.

முதல் நாள் அவளைத் திகைக்கவைத்தது அதற்குப் பிறகு நடந்தது. கூடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். கையில் ஒரு விளக்குமாறு. வீடு பெருக்குகிற, காய்ந்த குச்சி விளக்குமாறு. அதைத் தரையில் வைக்கவில்லை. குருடன் கோலைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டிப் பிடித்து, மேலும் கீழும் மெதுவாக அசைத்தபடி, ஓரோர் அடியாக என்ஜினை நோக்கிப் போனான். அவனுக்குப் பின்னால் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர். மூக்குக்கண்ணாடியின் தடிமனால் அவருக்கு சோடாபுட்டி என்று பெயர்.

வீட்டில் அவள் கேட்டாள். "அங்க எதுக்குண்ணா காத்தைப் பெருக்கிட்டிருந்த?"

"ஹைட்ரஜன் நெருப்பு பகல் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, நிறம் கிடையாது. சோதனை முடிஞ்சதும் வால்வு மூடிடும். எங்கயாவது சரியா மூடாமக் கசிஞ்சு எரிஞ்சிட்டிருந்தா, பக்கத்துல போனாலும் தெரியாது. உள்ளயே நடந்து போயிடுவோம். விளக்குமாறு எனக்கு முன்னால போகுது. அது பத்திக்கிட்டா நான் நின்னுடுவேன்."

"கருவியெல்லாம் இல்லையா?"

"இருக்கு. நல்லாக் கத்தும். முக்கியமான பேச்சுக்கு நடுவுல ஒருதடவை கத்திடுச்சு. அதுக்கப்புறம் விருந்தினர் வர்ற நாள்ல அதை அணைச்சு வச்சிடுறாங்க."

"விருந்தினர் வராத நாள்ல?"

"விருந்தினர் வராத நாள்ல சோதனை ஏது?"

அண்ணி அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து கடையில் விளக்குமாறு வாங்கும்போதெல்லாம் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, கூடவே ஒன்று சேர்த்து வாங்கினாள்.

தொல்லை ஒரு விருந்தினரால் வந்தது. அவர் பெரிய மனிதர். பல நிறுவனங்களுக்குத் தலையெழுத்து எழுதுகிற இடத்தில் இருந்தார். சோதனை முடிந்ததும் கைதட்டாமல், "எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எரிஞ்சதுங்க" என்றார் இயக்குநர்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாளே சுடர்த் தோற்றக் குழு அமைக்கப்பட்டது. குழுக் கூட்டத்தில் குறிப்பு வாசிக்க அறிவிப்பாளரையும் உட்காரவைத்தார்கள். இயக்குநர் எழுந்தார்.

"நம்ம நெருப்புக்கு என்ன குறை? எரியுது. ஆனா அடக்கமா எரியுது. அடக்கம் தனி மனுஷனுக்கு நல்லது, நிறுவனத்துக்கு ஆகாது. நான் நாப்பது பேருக்கு மேல இருக்கிற துறையை நடத்துறேன். எனக்கே நெருப்பு எரிஞ்சுதா இல்லையான்னு இவங்க சொல்லித்தான் தெரியுது. எனக்குத் தெரியாத ஒண்ணை நான் எப்படித் திறந்துவைக்க முடியும்?"

நெறிமுறை அதிகாரி அதைப் பாராட்டித் தலையசைத்தார். எந்த வாக்கியத்தையும் வணக்கம் என்று தொடங்குவதால் அவருக்கு வணக்கம் என்றே பெயர் நிலைத்திருந்தது. "வணக்கம். உப்பு போட்டா நெருப்பு மஞ்சளாத் தெரியும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்."

"உப்புத் தண்ணி எரிபொருள் வர்ற துளைகள்ல படியும்" என்றான் அண்ணன். "வால்வுல படியும். வால்வு முழுசா மூடாது. அப்புறம் இன்னொண்ணு. உப்புத் தண்ணி தீர்ந்ததும் மஞ்சள் போயிடும். நெருப்பு போகாது."

"மஞ்சள் போனா நெருப்பு போனதாத்தானே அர்த்தம்?"

"இல்ல. உப்பு போனதா அர்த்தம்."

"நீங்க எப்பவும் எதிர்மறையாவே யோசிக்கிறீங்க" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. குறிப்பில் அதை மட்டும் எழுதச் சொன்னார்.

அடுத்த சோதனையில் என்ஜினின் பின்வாயில் மஞ்சள் நாக்கு ஒன்று நீண்டது. மாடத்தில் ஆவென்று ஒரு சத்தம். படம் எடுத்தார்கள். இயக்குநரின் கண் கலங்கியது. தன் நெருப்பை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அந்தச் சோதனைக்கென்றே புது விதியும் வந்திருந்தது: மஞ்சள் மறைந்ததும் அறிவிப்பாளர், 'கூடம் பாதுகாப்பாக உள்ளது. அனைவரும் உள்ளே வரலாம்' என்று சொல்ல வேண்டும். விருந்தினர்கள் இறங்கிப்போய் என்ஜினோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று அண்ணனின் விளக்குமாறு என்ஜினுக்கு மூன்றடி முன்னால் பற்றிக்கொண்டது. எதுவுமே இல்லாத இடத்தில் குச்சிகள் தாமாகச் சிவந்து சுருண்டதை அவள் மாடத்திலிருந்து பார்த்தாள். அவன் நின்றான். அவளைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினான். அவள் மைக்கின் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். கசிவை அடைத்து, மறுபடி புது விளக்குமாறோடு நடந்து பார்த்து, அவன் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் விருந்தினர்களின் காப்பி ஆறிவிட்டது. எரிகிற விளக்குமாறோடு நின்ற அண்ணனை ஒருவர் படமும் எடுத்துவிட்டார்.

இரண்டு புகார்கள் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன: காப்பி, விளக்குமாறு.

"வணக்கம். வந்த விருந்தாளிக்கு முன்னாடி விளக்குமாத்தை நீட்டிக்கிட்டு வர்றீங்க. அதுக்கு நம்ம ஊர்ப் பக்கம் என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவங்களை அடிக்கக் கொண்டுவரல சார்."

"படத்துல அப்படித் தெரியலையே."

பாதுகாப்பு அதிகாரி கனைத்துக்கொண்டார். அவர் கூடத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. நிறுவனத்தில் அவரைப்போல் பாதுகாப்பாக இருந்தவர் வேறு யாருமில்லை. "அதைவிட முக்கியமா ஒண்ணு கவனிச்சேன். ஹைட்ரஜன் கூடத்துக்குள்ள தீப்பிடிக்கக்கூடிய பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. இது அடிப்படை விதி. விளக்குமாறு தீப்பிடிக்குது. நீங்களே நிரூபிச்சிருக்கீங்க."

"தீப்பிடிக்கத்தான் சார் அதைக் கொண்டுபோறேன்."

"கொண்டுபோகலைன்னா பிடிச்சிருக்காதே."

அண்ணன் நிமிர்ந்தான். "தீப்பிடிக்கிற எதுவும் உள்ள போகக் கூடாது. சரி. அப்போ நான்?"

யாரும் சிரிக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஊழியர்கள் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்பது அதில் தெளிவாக இல்லை. அதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்.

டெண்டர் விட்டு, மாதிரி பார்த்து, ஒப்புதல் வாங்கி, கடைசியில் புது விளக்குமாறு வந்தது. கைப்பிடி எஃகு. குச்சிகளுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பிகள். பளபளவென்றிருந்தது. எவ்வளவு சூட்டிலும் தீப்பிடிக்காது என்று சான்றிதழ் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஒரு மெத்தையில் வைத்து, சின்ன விழா எடுத்து, இயக்குநர் அண்ணனின் கையில் கொடுத்தார். "இனிமே எங்க விஞ்ஞானி கையில இருக்கிறது பத்திக்கவே பத்திக்காது" என்றார். நீண்ட கைதட்டல். அறிவிப்பாளரும் தட்டினாள், தட்டாத கைகளை வணக்கம் குறித்துக்கொள்வார்.

வீட்டில் அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, வேற வேலை கிடைக்காதா?" என்றாள்.

"இந்த வேலையை நான் விட்டா சோடாபுட்டிதான் முன்னால போகணும். அவனுக்கு எரியுற அடுப்பே சரியாத் தெரியாது."

"அவருக்காக நீங்க போறீங்களா?"

"எனக்காகவும்தான். இந்தத் தடவை நெருப்பு நல்லா நின்னுச்சு தெரியுமா? உப்பு இல்லாம இருந்திருந்தா இன்னும் நின்னிருக்கும்." அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அவனோடு பேசிப் பயனில்லை என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

அவன் காய்ந்த விளக்குமாறு ஒன்றைக் கூடத்தின் பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டான். எஃகு விளக்குமாறு மாடத்துக்கு, மற்றது தனக்கு. விருந்தினர்கள் பேச்சில் மூழ்கியிருக்கும்போது அதை நீட்டிப் பார்த்துவிட்டுத் தங்கைக்குத் தலையசைப்பான். அவன் தலையசைக்கும்வரை அவளுக்குத் தொண்டை கமறும், காகிதம் தவறும், மைக் கரகரக்கும். இப்படியே சில சோதனைகள் ஓடின. தாமதம் வணக்கத்தின் கண்ணில் பட்டது. "வணக்கம். உங்க தொண்டை அடிக்கடி சரியில்லாமப் போகுது. எதுக்கும் எல்லா அறிவிப்பையும் ஒருதடவை பதிவு பண்ணி வச்சுக்கலாம்" என்றார். அவள் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். வணக்கம் உத்தரவைக் காட்டினார். ஒரு காலை முழுக்க அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். 'இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியா' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள்.

அந்தப் பெரிய மனிதர் மறுபடி வந்தார். இந்தமுறை மஞ்சளைப் பார்க்க. அதற்காக வளாகத்தையே கழுவினார்கள். மரங்களின் அடியில் உதிர்ந்த இலைகளைக்கூடக் கழுவித்தான் அள்ளினார்கள். தூய்மைக் குழு கதவுகளுக்குப் பின்னாலெல்லாம் பார்த்து, தேவையற்ற பொருட்களை அகற்றியது.

பொத்தான் அழுத்தப்பட்டது. காற்று சீறியது. மஞ்சள் நாக்கு நீண்டு, நின்று, மறைந்தது. பெரிய மனிதர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. அண்ணன் ஒரு கையில் எஃகு விளக்குமாற்றைப் பிடித்தபடி, மற்ற கையைக் கதவுக்குப் பின்னால் விட்டான். வெறுங்கை திரும்பி வந்தது. குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டினான். அவள் மைக்கிலிருந்தே கையை எடுத்துவிட்டாள்.

"வணக்கம். சொல்லுங்க" என்றார் நெறிமுறை அதிகாரி, காதருகில்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"தலைமை விருந்தினர் நிக்கிறார்."

"நிக்கட்டும் சார். அண்ணன் இன்னும் பாக்கல."

அவர் கோபப்படவில்லை. மேசையடியில் ஒரு பொத்தானைத் தட்டினார். அவளுடைய குரல், நல்ல மகிழ்ச்சியோடு, கட்டடம் முழுக்கக் கேட்டது: 'கூடம் பாதுகாப்பாக உள்ளது. அனைவரும் உள்ளே வரலாம்.'

விருந்தினர்கள் படியிறங்கத் தொடங்கினார்கள். அவள் கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அடித்தாள். அது தடித்த கண்ணாடி. அண்ணன் அவளைப் பார்த்தான். வாய் மூடியிருப்பதையும் குரல் வருவதையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டான். பிறகு படிக்கட்டைப் பார்த்தான். பெரிய மனிதர் முன்னால் வந்துகொண்டிருந்தார். அவர்கள் கதவைத் திறப்பதற்குள் கசிவு எங்கே என்று யாராவது கண்டாக வேண்டும். சோடாபுட்டி எடுத்துவைத்த காலை அண்ணனின் கை தடுத்தது. கையில் இருந்ததையே நீட்டிப் பிடித்துக்கொண்டு அவன் வேகமாக உள்ளே நடந்தான்.

எஃகுக் கம்பிகள் நெருப்புக்குள் போயின. ஒன்றும் சொல்லவில்லை.

மாடத்தில் மிச்சமிருந்தவர்கள் பார்த்தது இதுதான். காலியான ஒரு இடத்தில் ஒரு மனிதன் திடீரென்று கைகளை வீசி, சுழன்று, குதித்தான். "பாருங்க, சந்தோஷத்துல ஆடுறார்" என்றார் இயக்குநர். "விஞ்ஞானிகளுக்கும் உணர்ச்சி உண்டுன்னு நான் எப்பவும் சொல்வேன்." கைதட்டினார்கள். படியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். அவன் சட்டை பற்றிய பிறகுதான் அந்த நெருப்புக்கு நிறம் வந்தது. அதன்பிறகும் சில கைகள் தட்டிக்கொண்டிருந்தன. நிறம் வந்தால் தட்ட வேண்டும் என்று பழகியிருந்தார்கள்.

சோடாபுட்டி ஓடிப்போய் அவனை இழுத்து வெளியே போட்டார். அண்ணன் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். பேசவில்லை. அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடிக்கக்கூடிய இடம் அதுதான். பிறகு அதுவும் முடிந்தது.

விசாரணைக் குழு கண்ணியமாக நடந்துகொண்டது. அறிவிப்பாளரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்கள்.

"அறிவிப்பு உங்க குரல்தானே?"

"என் குரல்தான். நான் பேசல."

"பேசாத குரல் எப்படிம்மா கேக்கும்?"

அவள் சொன்னாள். உப்பைச் சொன்னாள், கதவுக்குப் பின்னால் இருந்ததைச் சொன்னாள், உள்ளங்கையைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுத் தலையசைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி குழுவின் முடிவை வாசித்தார். விளக்குமாறு சம்பவ இடத்திலிருந்து மீட்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது; சிறு சேதமும் இல்லை; தீப்பிடிக்காது என்ற உறுதிமொழியை அது முழுமையாகக் காப்பாற்றியது. இறந்தவர் பருத்திச் சட்டை அணிந்திருந்தார். பருத்தி தீப்பிடிக்கக்கூடிய பொருள். தீப்பிடிக்கக்கூடிய பொருளோடு கூடத்துக்குள் நுழைந்தது விதிமீறல். ஆயினும் அவருடைய நீண்ட சேவையைக் கருதி, அவர்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று குழு பெருந்தன்மையோடு முடிவுசெய்தது.

அவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. அவள் குரல் தினமும் சரியான நேரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து வணக்கம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வணக்கம்மா. சாரோட நினைவா அடுத்த சோதனையை நடத்துறோம். நீங்கதான் தலைமை விருந்தினர். பொத்தானை அழுத்தி நீங்க தொடங்கிவைக்கணும்னு இயக்குநர் ஆசைப்படுறார்."

அறிவிப்பாளர் எழுந்து அவரை வாசலுக்கு அனுப்ப வாயெடுத்தாள். அண்ணி கையமர்த்தினாள்.

"உப்பு இன்னும் போடுறீங்களா?"

"இப்ப மூணு நிறம்மா. பச்சைகூட வருது."

"உள்ள யாரு போறாங்க?"

"சாரோட கூட இருந்தவர்தான். கண்ணாடி போட்டவர். அவருக்குத் தீப்பிடிக்காத உடுப்பு வாங்கியாச்சு. கழுத்துல இருந்து கால்வரைக்கும்."

"முகத்துக்கு?"

"முகம் திறந்திருக்கணும்மா. படத்துல தெரியணும்ல."

அண்ணி யோசித்தாள். "வர்றேன்" என்றாள்.

அவர் போனதும் அறிவிப்பாளருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அண்ணி! அவங்க கூப்பிட்டா நீங்க போயிடுவீங்களா? அந்தப் பொத்தானை நீங்க அழுத்துவீங்களா?"

"நீயும் வா" என்றாள் அண்ணி. அதற்குமேல் கேட்டதற்கு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

விழா நாளில் மாடம் நிரம்பியிருந்தது. அண்ணியை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முன்னால் சின்ன மேசையில் பச்சைப் பொத்தான். பக்கத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக்கு அப்பால், பக்கவாட்டுக் கதவருகில், சோடாபுட்டி பளபளக்கும் உடுப்போடு நின்றார். ஒரு கையில் அந்த எஃகு விளக்குமாறு. முகம் மட்டும் வெளியே, வேர்த்துப்போய், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல்.

இயக்குநர் பேசினார். "இந்த நிறுவனம் யாரையும் மறக்காது. அன்னிக்கு அவர் எரிஞ்சதை நான் என் கண்ணாலயே பார்த்தேன். மறைவா எரியுற காலம் முடிஞ்சுபோச்சுங்கிறதுக்கு அவரே சாட்சி." கைதட்டல்.

பிறகு ஒலிபெருக்கி பேசியது, அறிவிப்பாளரின் குரலில்: 'இப்போது தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்திச் சோதனையைத் தொடங்கிவைப்பார்.'

அறிவிப்பாளர் அண்ணியின் கைகளைப் பார்த்தாள். அவை மடியில், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

கொஞ்ச நேரம் போயிற்று.

"அம்மா, அழுத்தலாம்" என்றார் இயக்குநர், குனிந்து.

"ம்" என்றாள் அண்ணி. கைகள் அசையவில்லை.

'இப்போது தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்தி' என்று குரல் மறுபடி, அதே மகிழ்ச்சியோடு, தொடங்கியது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இயக்குநர், "உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, உதவுவதற்காக அவள் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார். அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேற யாராவது அழுத்திடலாமே?" என்றார் வணக்கத்திடம், பல்லிடுக்கில்.

வணக்கத்தின் முகம் வெளுத்திருந்தது. "வணக்கம் சார். அறிவிச்சாச்சு. அறிவிச்ச பிறகு தலைமை விருந்தினரை மாத்த வழியில்ல. அவங்க எழுந்திருக்காம வேற யாரும் எழுந்திருக்கவும் கூடாது. நீங்க போட்ட விதிதான் சார்."

"அப்போ என்னய்யா பண்றது?"

"நீங்க பேசலாம் சார். பேசுறதுக்குத் தடையில்ல."

இயக்குநர் மைக்குக்குப் போனார். துக்கத்துக்கு எழுதிவந்த பேச்சு தீர்ந்திருந்தது. மனப்பாடமாக இருந்தது வரவேற்புரை ஒன்றுதான். அதைத் தொடங்கினார். முன்வரிசையை வரவேற்றார், பின்வரிசையை வரவேற்றார், ஏற்கெனவே வரவேற்றவர்களை இன்னொருமுறை வரவேற்றார். இடையிடையே அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அடைத்துவைத்திருந்த காற்றின் அழுத்தம் காட்டும் முள் சுவரில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் அன்றைக்குச் சோதனை இல்லை. மாடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் எழுந்திருக்க முடியாது.

"அண்ணி, எவ்வளவு நேரம்?" என்று அறிவிப்பாளர் உதடசையாமல் கேட்டாள்.

"அவர் பேசட்டும்" என்றாள் அண்ணி. "பேசுறவரைக்கும் யாரும் உள்ள போக வேண்டாம்ல."

'இப்போது தலைமை விருந்தினர்' என்றது குரல். அறிவிப்பாளர் கையை நீட்டி அண்ணியின் கைகளின்மேல் வைத்து மூடினாள்.

இயக்குநர் மூன்றாவது முறையாக முன்வரிசைக்கு வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டி அவர்கள் இருவரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எஃகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கதவருகிலேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.